கையெழுத்தும் தலையெழுத்தும்

தலையெழுத்து என்று நம் நாட்டிலே சொல்லுவார்கள். பிறக்கும்போதே எவனோ ஒருவன் மண்டையோட்டில் எழுதிவிட்டானாம், அழிக்க முடியாதாம், படித்துப் பார்க்கவும் முடியாதாம்! அந்தப் பேச்சைக் கேட்டு நகைப்பவர்கள் நாம். ஆனால் அமெரிக்க நாட்டிலே, விண்வெளிக்கு ஏறி நிலவில் கால் வைத்த நாட்டிலே, உண்மையாகவே ஒரு மனிதன் எழுதுகிறான். பல்லாயிரவர் தலையெழுத்து மாறுகிறது! மறைவில் எழுதவில்லை. விளக்கொளியில், புகைப்படக்காரர் புடைசூழ எழுதுகிறான். அந்த எழுத்துக்குப் பெயர் நிர்வாக ஆணை.

2017-ஆம் ஆண்டு ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. பதவியேற்று ஒரு வாரமே ஆகியிருந்த குடியரசுத் தலைவர் டொனால்டு டிரம்ப், படைத்துறைத் தலைமையகமான பென்டகனில் கையெழுத்திட்டார். ஆணையின் எண் 13769. ஈரான், ஈராக், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, ஏமன் ஆகிய 7 நாட்டு மக்கள் 90 நாட்களுக்கு அமெரிக்காவிற்குள் அடியெடுத்து வைக்கக்கூடாது. எந்த நாட்டு அகதியாயினும் 120 நாட்களுக்கு வரக்கூடாது. சிரியா நாட்டு அகதியென்றால் காலவரையே கிடையாது; கதவு மூடியது மூடியதுதான்.

கையெழுத்து விழுந்தபோது வானத்திலே விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. விமானத்தில் ஏறியபோது கையிலிருந்த விசா செல்லுபடியான விசா. இறங்கியபோது அது வெற்றுத்தாள்! ஈராக்கில் அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக உழைத்து, உயிரைப் பணயம் வைத்த ஒருவரையே நியூயார்க் விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தி வைத்தனர். துப்பாக்கி முனையில் துணை நின்றவனுக்குப் பேனா முனையில் கிடைத்த பரிசு அது!

மக்கள் வாளா இருக்கவில்லை. வழக்கறிஞர்கள் விமான நிலையங்களுக்கு ஓடினர்; தரையிலே அமர்ந்து மனுக்கள் எழுதினர். மறுநாள் இரவே புரூக்ளின் நீதிபதி ஒருவர் இடைக்காலத் தடை வழங்கினார். நியூயார்க்கிலே மூலைக்கு மூலை மளிகைக்கடை வைத்திருக்கும் ஏமன் நாட்டார், பிப்ரவரி 2-ஆம் நாள் நண்பகலில் கடைகளை அடைத்துவிட்டுப் புரூக்ளினில் திரண்டனர். ரொட்டியும் பாலும் விற்றவர்கள் அன்று உரிமை கேட்டு நின்றனர். அடுத்த நாள் சியாட்டில் நகரத்து நீதிபதி, நாடு முழுமைக்கும் அந்த ஆணையை நிறுத்தி வைத்தார்.

வெற்றி என்று எண்ணினர் பலர். ஆனால் பேனாவில் மை தீரவில்லையே! மார்ச் 6-ஆம் நாள் இரண்டாவது ஆணை வந்தது. ஈராக்கின் பெயர் நீங்கியிருந்தது. ஏனைய பெயர்கள் இருந்தன. செப்டம்பர் 24-ஆம் நாள் மூன்றாவது வந்தது. இம்முறை அதற்குப் பெயர் பிரகடனம். வடகொரியாவும் வெனிசுவேலாவின் அதிகாரிகள் சிலரும் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். ஏன் தெரியுமா? 2015 டிசம்பரில், முஸ்லிம்கள் எவருமே நாட்டுக்குள் நுழையக்கூடாது என்று தேர்தல் களத்திலே அறிக்கை விட்டவர் இதே டிரம்ப். இது மதத்துக்கு எதிரான தடையென்று வழக்கு மன்றத்தில் பேச்சு எழுந்தபின், பட்டியலுக்குப் பூசப்பட்ட வண்ணம் அது என்பது நமது கருத்து.

2018 ஜூன் 26-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. 5 நீதிபதிகள் ஒரு பக்கம். 4 பேர் மறுபக்கம். தடை செல்லும்!

இந்த இடத்தில்தான் நாம் நிறுத்திச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. ஆணையிட்டவர் நல்லவரா, கெட்டவரா என்று கேட்டு ஆத்திரப்படுவது எளிது. ஆனால் அந்தப் பேனாவை அவர் கையிலே கொடுத்தவர் யார்? இதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

கொடுத்தது காங்கிரசு! காங்கிரசு என்றதும் நம் ஊர்க் கதர்க் கட்சியை எண்ணிவிட வேண்டாம். பிரதிநிதிகள் சபை, செனட் சபை இரண்டும் சேர்ந்த அமெரிக்கச் சட்டமன்றத்துக்கு அதுதான் பெயர். 1952-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மெக்காரன், வால்ட்டர் என்ற இருவர் பெயரால் வழங்கும் குடிவரவுச் சட்டத்தை அது நிறைவேற்றிற்று. அன்றைய குடியரசுத் தலைவர் ட்ரூமன் அதனை ஏற்க மறுத்துத் திருப்பியனுப்பினார். பிறந்த நாட்டைப் பார்த்து ஆளை எடைபோடும் சட்டம் இது என்பது அவர் குறை. காங்கிரசு கேட்கவில்லை, அவர் மறுப்பை மீறிச் சட்டமாக்கிவிட்டது.

அந்தச் சட்டத்தில் 212(எஃப்) என்றொரு பிரிவு. அதன் சாரம் இது: அயல்நாட்டார் எவரேனும், அல்லது அவர்களில் எந்த வகுப்பாரேனும் உள்ளே வருவது நாட்டு நலனுக்குத் தீங்கென்று குடியரசுத் தலைவர் கருதினால், தமக்குத் தேவையென்று தோன்றும் காலம் வரையில், அவர்களது வருகையை நிறுத்தி வைக்கலாம். சான்று காட்டவேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. இத்தனை நாள்தான் என்ற வரம்பு இல்லை. காங்கிரசைக் கலந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவர் கருதினால் போதும்!

வரலாறு சில வேளைகளிலே நம்மைப் பார்த்துக் குறும்புச் சிரிப்பு சிரிக்கும். அதே 1952 ஜூன் மாதம் 2-ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் வேறொரு தீர்ப்பளித்திருந்தது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரவிருந்தது. படைக்கலம் செய்ய எஃகு வேண்டுமே என்று ட்ரூமன் ஓர் ஆணையிட்டு ஆலைகளை அரசின் கைக்குள் கொண்டுவந்தார். கூடாது என்றது மன்றம். போர்க்காலமாயினும் சட்டத்தின் துணையின்றி வெறும் ஆணையால் ஆலைகளை எடுத்துக்கொள்ள முடியாது, சட்டம் இயற்றுவது காங்கிரசின் கடமை என்று 6 நீதிபதிகள் உரைத்தனர். 3 பேர் மாறுபட்டனர்.

ஜூன் 2-இல் ஆலைக்கு நீதி கிடைத்தது. ஜூன் 27-இல் மனிதன் வந்து நிற்கும் வாசலின் சாவி ஒரே மனிதனின் இடுப்பிலே செருகப்பட்டது! இரும்பை எடுக்கச் சட்டம் வேண்டுமாம். இதயமுள்ளவனைத் தடுக்க எண்ணம் ஒன்றே போதுமாம்! ஒரே மாதத்திலே பிறந்த இரட்டை நியாயம் இது.

1965-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், சுதந்திர தேவி சிலையின் காலடியிலே அமர்ந்து குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் புதிய குடிவரவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இனம், பால், நாடு, பிறந்த இடம், வாழுமிடம் ஆகியவற்றைக் காட்டிக் குடியேறுவோருக்கான விசா வழங்குவதில் வேற்றுமை கூடாது என்றது அந்தச் சட்டம். நல்ல சட்டம்! ஆனால் அந்த வரிசையிலே மதம் இல்லை. படிக்கவும், பார்க்கவும், வேலைக்கும் சில காலம் வந்து போகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. 2018-இல் உச்சநீதிமன்றம் அந்தச் சந்தின் வழியாகவே சென்றது. விசா தருவது வேறு, உள்ளே விடுவது வேறு. வேற்றுமை கூடாதென்ற சட்டம் முன்னதற்கே பொருந்தும் என்று விளக்கம் தந்தது. விருந்துக்கு அழைப்பிதழ் தருவதிலே வேற்றுமை பாராட்டக்கூடாது. வாசலில் நிறுத்தித் திருப்பியனுப்பலாம் என்பது போலிருக்கிறது இந்த வாதம்!

இதன் விலையை யார் தந்தது? அந்த 2018-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், கலிபோர்னியா மாநிலத்திலே ஒரு பச்சிளம் பாலகன் சாகக்கிடந்தான். தந்தை அமெரிக்கக் குடிமகன். பிள்ளையும் அமெரிக்கக் குடிமகன். தாய் ஏமன் நாட்டுப் பெண். தடை குறுக்கே நின்றது. நாடெங்கும் குரல் எழுந்த பின்னரே விலக்கு வழங்கினர். தாய் ஓடோடி வந்தாள். பத்து நாள்கூட முழுதாகக் கிட்டவில்லை; மகன் கண்மூடினான். அந்தத் தாய் நாட்டு நலனுக்கு என்ன தீங்கு செய்யவிருந்தாள்? அவளைத் தனியே விசாரித்து, குற்றங்கண்டு, தடுத்தார்களா? இல்லை. ஒரு நாட்டின் பெயர் பட்டியலில் இருந்தது. அவள் அந்த நாட்டில் பிறந்திருந்தாள். அவ்வளவே!

நம் சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பாண்டிய மன்னன் கொடியவன் அல்லன். ஆனால் ஊடியிருந்த அரசியைத் தேடி அந்தப்புரம் நோக்கி நடக்கையிலே, ஆராயாமல் ஓர் ஆணை பிறப்பித்தான். வழக்கில்லை, விசாரணையில்லை, எதிர்வாதமில்லை. ஆணை போயிற்று, கோவலன் வெட்டுண்டான். பிறகுதான் கண்ணகி வந்தாள். பிறகுதான் சிலம்பு உடைந்தது. பிறகுதான் நீதி வெளிப்பட்டது. தவறுணர்ந்த மன்னன் உயிர்துறந்தான். ஆயினும் கோவலன் எழுந்து வரவில்லையே! தீர்ப்பு ஆணைக்குப் பின்னால் வருகிறது. இழப்போ முன்னால் வந்துவிடுகிறது. ஆகவேதான் சொல்லுகிறோம், நீதிமன்றம் மட்டும் போதாது. ஆணைக்கு முன்னாலேயே நிற்கின்ற ஒரு தடுப்பு வேண்டும். அதற்குப் பெயர்தான் சட்டம்.

அமெரிக்காவே இந்தப் பாடத்தைக் கண்ணீர் சிந்திக் கற்றிருக்கிறது. 1942 பிப்ரவரி 19-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066 என்ற எண்ணுடைய ஆணையைப் பிறப்பித்தார். ஜப்பானியர் என்ற சொல்லே அந்த ஆணையில் கிடையாது! படைத்தலைவர்கள் சில பகுதிகளை வகுத்து, அங்கிருந்து எவரை வேண்டுமானாலும் வெளியேற்றலாம் என்று மட்டுமே அதில் கண்டிருந்தது. ஆயினும் அதன் பேரால், மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முள்வேலி முகாம்களுக்கு விரட்டப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்க மண்ணிலே பிறந்த குடிமக்கள். கடையை விற்றனர், காட்டையும் கழனியையும் விட்டனர், கைக்குக் கிடைத்த மூட்டையோடு நடந்தனர்.

பிரெட் கொரமாட்சு என்ற இளைஞர், கப்பல் பட்டறையிலே பற்றவைப்பு வேலை செய்தவர், போகமாட்டேன் என்றார். பிடித்து அடைத்தனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1944 டிசம்பர் 18-இல் 6-க்கு 3 என்ற கணக்கிலே அவர் தோற்றார். அவர்மீதிருந்த குற்றத்தீர்ப்பை ஒரு நீதிமன்றம் துடைத்தது 1983-இல்! 23 வயதில் விழுந்த கறை, 64 வயதில் கழுவப்பட்டது. ரூஸ்வெல்ட்டின் அந்த ஆணைக்கு முறைப்படி முடிவு கட்டியவர் குடியரசுத் தலைவர் போர்டு, ஆண்டு 1976. மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தரும் சட்டம் வந்தது 1988-இல். ஆணை பிறக்க ஒரு நாள். அதன் அநீதி தீர நாற்பதாண்டு!

2018 தீர்ப்பிலே தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், கொரமாட்சு தீர்ப்பு அது வழங்கப்பட்ட நாளிலேயே தவறானது என்று எழுதினார். எழுதிய கையோடு, புதிய தடையை ஏற்றார்! பழைய தவற்றின் அபாயமான தருக்கத்தையே மீண்டும் கையாளுகிறீர்களே என்று நீதிபதி சோட்டோமாயர் தமது மறுப்புரையில் சுட்டினார். பழைய பிணத்துக்கு மாலை. புதிய வாளுக்குச் சாணை!

ஆனால் 1942-இன் பாடத்திலிருந்து ஒரு நல்ல விளைச்சலும் உண்டு. 1971 செப்டம்பர் 25-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. காங்கிரசு இயற்றிய சட்டத்தின்படி அல்லாமல், எந்தக் குடிமகனையும் அமெரிக்க அரசு சிறையிலிடவோ காவலில் வைக்கவோ கூடாது என்பதே அதன் உயிர்நாடி. ஹவாயிலிருந்து வந்த ஜப்பானிய மரபினரான இனோயேயும் மட்சுனாகாவும் அதற்காகப் போராடினர். கையெழுத்திட்டவர் நிக்சன்! தம் அதிகாரத்தின்மேல் வேலி கட்டும் சட்டத்தில் குடியரசுத் தலைவரே கையெழுத்திட்டார். மக்கள் கருத்து வலுத்தால் இது நடக்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த வேலி குடிமகனைத்தான் காத்தது. வாசலிலே நிற்கும் அயலானுக்கு வேலி இல்லை.

அந்தக் குறையைப் போக்கவே 2019 ஏப்ரலில் ஒரு மசோதா வந்தது. பிரதிநிதிகள் சபையில் சீன மரபுப் பெண்மணியான ஜூடி சூவும், செனட்டில் கிரிஸ் கூன்சும் கொண்டுவந்தனர். 'நோ பேன்' சட்டம், அதாவது தடை கூடாதென்னும் சட்டம், என்று அதனை அழைத்தனர்.

அது சொல்வதென்ன? வாசலை மூடும் அதிகாரத்தை அது பறிக்கவில்லை. மூடுவதற்கு முறை வகுத்தது. குறிப்பான, நம்பத்தக்க சான்றின்மேல்தான் தடை விதிக்கலாம். தவிர்க்கவொண்ணாத அரசுத் தேவை ஒன்று இருக்க வேண்டும். அந்தத் தேவைக்கு வேண்டிய அளவுக்குமேல் தடை விரியக்கூடாது. காலவரம்பு வேண்டும். தடை விதித்த 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு விவரம் தரவேண்டும். தராவிட்டால் தடை தானே ஒழியும். மதத்தின் பேரால் வேற்றுமை கூடாது. பாதிக்கப்பட்டவர் வழக்கு மன்றம் ஏறலாம். இவ்வளவுதான்! இதிலே எந்த வாசகம் நாட்டைக் காட்டிக்கொடுக்கிறது? எந்த வாசகம் பகைவனுக்குப் பாதை திறக்கிறது?

2020 ஜூலை 22-இல் பிரதிநிதிகள் சபை 233-க்கு 183 என்ற கணக்கில் அதனை நிறைவேற்றிற்று. செனட்டிலே அது அசையவில்லை. 2021 ஜனவரி 20-இல் பைடன் பதவியேற்றார். அன்றைக்கே ஒரு பிரகடனத்தால் டிரம்பின் தடைகளை நீக்கினார். மகிழ்ந்தனர் மக்கள், மகிழ்ச்சி நியாயமே. ஏப்ரல் 21-இல் பிரதிநிதிகள் சபை மீண்டும் மசோதாவை நிறைவேற்றிற்று, 218-க்கு 208. கையெழுத்திடக் குடியரசுத் தலைவர் அணியமாயிருந்தார். ஆனால் செனட்டிலே இரு தரப்பும் ஐம்பதுக்கு ஐம்பது. விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் தேவை என்பது அந்தச் சபையின் வழக்கம். மசோதா அங்கே வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது.

நோய் தீர்ந்துவிட்டதென்று மருந்தை ஒதுக்கி வைப்பவன் கதை அது! பூட்டைத் திறந்த சாவி அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. 2025-இல் டிரம்ப் திரும்பி வந்தார். சாவி காத்திருந்தது. ஜூன் 4-ஆம் நாள் புதிய பிரகடனம்: 12 நாடுகளுக்கு முழுத்தடை, 7 நாடுகளுக்கு ஓரளவு தடை. ஆண்டு முடிவதற்குள் பட்டியல் மேலும் நீண்டது. ஜூடி சூவும் கூன்சும் மசோதாவை அவ்வாண்டு மீண்டும் கொண்டுவந்தனர். கொண்டுவர முடிந்தது, நிறைவேற்றப் பெரும்பான்மை இல்லை.

அவசரம் என்று வந்தால் சட்டமன்றத்தைக் கூட்டிப் பேசிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. வீடு பற்றியெரியும்போது தீர்மானம் போட்டுக்கொண்டிருக்க வேண்டுமென்று நாமும் சொல்லமாட்டோம். மசோதாவும் சொல்லவில்லை. முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். 48 மணி நேரத்திலே எங்கே தீ, எப்படிப் பிடித்தது என்று ஊருக்குச் சொல்லுங்கள் என்கிறது. தீ இருந்தால் சொல்வதற்கு என்ன தயக்கம்? தீயே இல்லாத இடத்தில் அண்டை வீட்டுக் கூரையைப் பிடுங்கியவனுக்குத்தானே தயக்கம் வரும்!

இன்னொரு கேள்வியும் உண்டு, அது வலிமையானது. நிர்வாக ஆணையால் நன்மையே விளையவில்லையா? அடிமைத்தளையை அறுத்தது லிங்கனின் பிரகடனமல்லவா? படையிலே கறுப்பரும் வெள்ளையரும் சமமென்றது ட்ரூமனின் ஆணையல்லவா? பேனாவைக் கட்டிவிட்டால் நல்லவன் கையும் கட்டுண்டு போகாதா?

மறுக்கவில்லை நாம். 1863 ஜனவரி 1-இல் லிங்கன் விடுதலைப் பிரகடனம் விடுத்தார். 1948 ஜூலை 26-இல் ட்ரூமன் 9981-ஆம் ஆணையிட்டார். இரண்டும் பொன்னெழுத்திலே பொறிக்கத்தக்கவை. ஆனால் லிங்கன் அதோடு நின்றாரா? போர்க்காலத்து ஆணை போருக்குப் பின் நிலைக்குமோ நிலைக்காதோ என்றெண்ணி, அரசமைப்புத் திருத்தத்துக்காகப் பாடுபட்டார். 1865-இல் 13-ஆம் திருத்தம் வந்த பிறகே அடிமைமுறை நாடு முழுதும் சட்டப்படி செத்தது. நல்லவருக்கே தெரிந்திருந்தது, தம் பேனா போதாதென்று!

1941-ஆம் ஆண்டைப் பாருங்கள். தொழிலாளர் தலைவர் பிலிப் ராண்டால்ஃப், கறுப்பின மக்களைத் திரட்டி வாஷிங்டன் நோக்கிப் படையெடுப்பேன் என்று முழங்கினார். ஜூன் 25-இல் ரூஸ்வெல்ட் பணிந்தார். போர்த்தளவாட ஆலைகளில் இனவேற்றுமை கூடாதென 8802-ஆம் ஆணை பிறந்தது. அதைக் கவனிக்க ஒரு குழுவும் அமைந்தது. போர் முடிந்ததும் காங்கிரசு காசு தர மறுத்தது. 1946-இல் குழு கலைந்தது. சட்டத்தின் வேர் இல்லாத செடி. வெயில் வந்ததும் வாடிற்று.

1965 செப்டம்பர் 24-இல் ஜான்சன் 11246-ஆம் ஆணையிட்டார். அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் இனவேற்றுமை காட்டாததோடு, சம வாய்ப்புக்காக முனைந்து செயல்படவும் வேண்டும் என்றது அது. அறுபதாண்டு நெருங்க வாழ்ந்த ஆணை. எத்தனை குடியரசுத் தலைவர்களைக் கண்டது! 2025 ஜனவரி 21-இல் ஒரு கையெழுத்து, மாண்டது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னர், 1964-இல், காங்கிரசு நிறைவேற்றிய குடிமை உரிமைகள் சட்டம்? அதை எந்தக் கையெழுத்தாலும் நீக்க முடியவில்லை. அதைச் செயல்படுத்துவதிலே அரசு சுணங்கலாம். ஆனால் அழிக்க வேண்டுமானால் இரு சபைகளிலும் எழுந்து நின்று, பெயர் சொல்லி, வாக்களித்து, வரலாற்றின் முன் வெட்கித்து நிற்க வேண்டும்.

சிறு வயதிலே பெற்றோர் கைப்பிடித்து அமெரிக்காவுக்கு வந்து, ஆவணமின்றி வளர்ந்த பிள்ளைகளின் கதையும் இதுவே. அவர்களுக்கான சட்டம் 2001-இலேயே முன்மொழியப்பட்டது, நிறைவேறவில்லை. 2012 ஜூன் 15-இல் ஒபாமா அரசு நிர்வாக முடிவால் அவர்களுக்கு நிழல் தந்தது. 2017 செப்டம்பரில் டிரம்ப் அரசு அந்த நிழலைச் சுருட்ட முனைந்தது. 2020-இல் உச்சநீதிமன்றம் 5-க்கு 4 என்ற நூலிழையில் தடுத்தது. நிழல்தான் தந்தார்கள், கூரை போடவில்லை. அந்தப் பிள்ளைகள் நடுவயதை நெருங்கியும் வானத்தைப் பார்த்தபடியே வாழ்ந்தார்கள்.

இத்தனையும் எங்கோ ஏழு கடல் தாண்டி நடப்பது, நமக்கென்ன என்று கேட்க வேண்டாம். இந்தியரை வெள்ளையராகக் கொள்ள முடியாது, ஆகவே குடியுரிமை இல்லை என்று 1923-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கூறியது. வழக்காடியவர் முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையிலே பணியாற்றிய பகத்சிங் திந்த்! அந்தத் தாழ்ப்பாளை நீக்கியது 1946-ஆம் ஆண்டுச் சட்டம். ஆண்டுக்கு 100 இந்தியர் என்று குறுகிய வாசல்தான். ஆயினும் சட்டம் திறந்த வாசல். நம் தமிழ்க்குடியிற் பிறந்த விண்ணியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1953-இல் அமெரிக்கக் குடிமகனானது அந்த வழியில்தான். 1965 சட்டம் வாசலை அகலமாக்கிற்று. மருத்துவரும் பொறியியலாரும் தமிழகத்திலிருந்து சென்றனர்.

2025 செப்டம்பர் 19-இல் என்ன நடந்தது? எச்-1பி விசாவில் அயல்நாட்டிலிருந்து புதிதாக ஒருவரை அழைத்துக்கொள்ள 1,00,000 டாலர் கட்டவேண்டும் என்றொரு பிரகடனம் வந்தது. அதற்கு ஆதாரம் காட்டப்பட்ட பிரிவு எது? அதே 1952 சட்டத்தின் அதே 212(எஃப்)! ஏமன் நாட்டுத் தாயைத் தடுத்த அதே சாவி, சென்னையிலும் கோவையிலும் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகளின் வாசலையும் பூட்ட வந்தது. காங்கிரசில் விவாதம் நடந்ததா? வாக்கெடுப்பு நடந்ததா? இல்லை. அண்டை வீட்டுக்காரனைப் பூட்டியபோது, எனக்கென்ன என்றிருந்தவனுக்கு, பூட்டு ஆள் பார்ப்பதில்லை என்பது அன்று புரிந்திருக்கும்.

நீதிமன்றங்கள் இருக்கின்றனவே என்று ஆறுதல் கொள்வோருக்கு ஒரு சொல். 2025 ஜனவரி 20-இல், அமெரிக்க மண்ணிலே பிறக்கும் குழந்தைகள் சிலருக்குக் குடியுரிமை கிடையாதென ஓர் ஆணை வந்தது. 1868-இன் 14-ஆம் திருத்தமும், 1898-இல் வோங் கிம் ஆர்க் வழக்கில் வந்த தீர்ப்பும் எதிரே நிற்க, அந்த ஆணை! கீழ்மன்றங்கள் தடுத்தன. ஆனால் ஜூன் 27-இல் உச்சநீதிமன்றம், தனியொரு நீதிபதி நாடு முழுமைக்கும் தடைவிதிக்கும் முறைக்கு 6-க்கு 3 என்ற கணக்கில் கடிவாளம் போட்டது. ஆணையிடுபவரின் கை நீளுகிறது. தடுப்பவரின் கை குறுகுகிறது. சட்டத்தின் தேவை முன்னிலும் இருமடங்காகிறது.

வள்ளுவர் செங்கோன்மை என்றொரு அதிகாரம் வைத்தார். அதை அடுத்தே கொடுங்கோன்மை என்றொரு அதிகாரமும் வைத்தார். இரண்டுக்கும் இடையே ஏடு ஒன்றைப் புரட்டும் தொலைவுதான். மக்களாட்சி அந்தத் தொலைவை அகலப்படுத்த வேண்டும். கோல் ஏந்துபவன் மாறிக்கொண்டேயிருப்பான். இன்று அன்பன் வரலாம். நாளை வம்பன் வரலாம். ஆளைப் பார்த்து அதிகாரம் தருவது முடியாட்சியின் பழக்கம். எவன் வந்தாலும் இதற்குமேல் போகமுடியாது என்று கோடு கிழிப்பதே குடியாட்சியின் இலக்கணம்.

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. வெள்ளத்திலே நின்றுகொண்டு கல் தேடினால் கிடைக்காது. 2021-இல் வெள்ளம் வடிந்திருந்தது, கல்லும் கையிலிருந்தது, அணை எழவில்லை. அதன் விலையை 2025-இல் ஏழை நாட்டு மக்கள் கட்டினர். இனி அமெரிக்க மக்கள் நல்ல குடியரசுத் தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில், அவரிடம் முதலில் கேட்கவேண்டியது தடைகளை நீக்கும் கையெழுத்தையல்ல. இனி ஒருவன் கையெழுத்து ஓராயிரம் பேர் தலையெழுத்தாக மாறாதபடி காக்கும் சட்டத்தை அவர்கள் கேட்கவேண்டும். நல்லவன் கையில் இருக்கும்போதே வாளுக்கு உறை செய்தாகவேண்டும். பொல்லாதவன் கைக்குப் போனபின் உறை செய்ய அவன் வாளைத் தரமாட்டான்!